இரண்டு சிறுநீரகங்களும் சமமா?

வாரத்திற்கு மூன்று நாள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். என் அண்ணன் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கழிக்கும் நேரம் இது. கூலாயிலிருந்து ஜொகூர் பாருவிற்கு அவரை நான்தான் காரில் அழைத்துச் செல்வேன். ஸ்கூடாயில் பட்டப்படிப்பை முடித்த ஆண்டில், என் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுக்க முன்வந்தேன். மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1975ஆம் ஆண்டிலேயே நடந்துவிட்டது. ஆகவே அச்சம் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருந்தது. எந்த நோயும் இல்லாத ஒருவரின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எப்படி அளப்பது?

நலமுள்ள இளைஞர் ஒருவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்கு இது 170 லிட்டரைத் தாண்டும்! அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராகிறது. இந்த வடிகட்டும் வேகமே சிறுநீரகத் திறனின் அளவுகோல்.

வழக்கமாக இதனை இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு கணக்கிடுவர். கிரியேட்டினின் தசைகளில் உண்டாகும் கழிவு. எனவே உடற்கட்டு உள்ளவருக்குக் கூடுதலாகவும் மெலிந்தவருக்குக் குறைவாகவும் இருக்கும். திறன் பாதியளவு குறைந்த பின்னரும் சிலருக்கு அது இயல்பான அளவிலேயே தெரியலாம். அதோடு, எந்தச் சிறுநீரகம் எவ்வளவு உழைக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்லவே முடியாது. அதற்குப் படம் தேவை.

பரிசோதனை நாளன்று முதலில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பிறகு காமா கேமராவின் மேல் மல்லாந்து படுத்தேன். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த டி.டி.பி.ஏ. மருந்தைக் கை நரம்பில் செலுத்தினார்கள். சிறுநீரகம் இம்மருந்தை வடிகட்டி வெளியேற்றும். மருந்து செல்லும் வழியெல்லாம் காமா கதிர்கள் வெளிப்படும். முதுகுப்புறமுள்ள கேமரா அவற்றை எண்ணும். செலுத்திய இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள், அதாவது மருந்து சிறுநீர்க் குழாயில் இறங்கும் முன், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு ஈர்த்தது என்பதைக் கொண்டு அதன் பங்கைக் கணக்கிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நமக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறுவதைவிடக் குறைவு.

கேமராவிற்கும் குறை உண்டு. சிறுநீரகம் முதுகிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கதிர்களின் எண்ணிக்கை மாறும். அதனால் மருந்து செலுத்திய பின் சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து மொத்தத் திறனை அளந்தார்கள். மொத்தத்தைச் சொன்னது இரத்தம். பங்கைச் சொன்னது படம்.

என் மொத்தத் திறன் நிமிடத்திற்கு 112 மில்லிலிட்டர். வலது சிறுநீரகத்தின் பங்கு நூற்றுக்கு 56. இடதின் பங்கு 44. அதாவது 63, 49 மில்லிலிட்டர்.

"டாக்டர், அண்ணனுக்கு வலதையே கொடுத்துவிடலாமே?" என்றேன்.

"இல்லை தம்பி. நீங்கள் நோயாளியாக இங்கு வரவில்லை. நலமாக வந்தவரை நலமாகவே அனுப்ப வேண்டும். வலுவானது உங்களிடமே இருக்கும்."

எஞ்சும் சிறுநீரகம் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். கொடுத்தவரின் திறன் காலப்போக்கில் பழைய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக நிலைபெறும் என்றும் விளக்கினார். அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். "அதுதான்டா முறை," என்றார்.

அன்பான வாசகர்களே, 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு இனிப்பு நீர் உண்டு. சிறுநீரகம் பழுதாவதற்கு அதுவே முதன்மைக் காரணம். எல்லாருக்கும் காமா கேமரா தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தால் போதும். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். என் அண்ணனுக்கு வலியே வரவில்லை.