காற்றில்லாமல் பறக்கும் கொடி

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கினால் டி.டி.பி. சென்டர்களில் ஒரு வேலை தவறாமல் வரும். தட்டையான மூவர்ணக் கொடியை ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ திறந்து, அது பறப்பதுபோல் ஆக்கித் தர வேண்டும். வாழ்த்து அட்டை, ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கொடிதான் போகும். 'வேவ்' ஃபில்டரைத் தட்டினால் நொடியில் அலை வந்துவிடும். ஆனால் அப்படி வந்த கொடிகளில் பல துணியாகத் தெரிவதில்லை. வளைத்து நிறுத்திய தகரமாகத்தான் தெரிகின்றன. ஓரங்கள் அழகாக வளைந்திருந்தும் கண் நம்ப மறுக்கிறது. கண்ணை நம்பவைக்கும் வேலையைச் செய்வது நிழல். அந்த நிழல் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துகொள்ள, முதலில் நிஜக் கொடி எப்படிப் பறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காற்று ஒரே சீராக அடித்தாலும் கொடி ஏன் நேராக நீண்டு நிற்பதில்லை? இந்தக் கேள்வியை 1879-லேயே இங்கிலாந்தின் ரேலீ பிரபு எடுத்துக்கொண்டார். துணியில் சிறு வளைவு விழுந்தாலும் போதும். மேடான பக்கத்தில் காற்று விரைந்து ஓடும், அங்கே அழுத்தம் குறையும், வளைவு இன்னும் பெரிதாகும். 2000-ல் நியூயார்க்கில் ஜுன் சாங், மைக்கேல் ஷெல்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை மிக எளிமையான ஒரு சோதனையில் காட்டினார்கள். மேலிருந்து கீழே வழிந்தோடும் சோப்புப் படலத்துக்குள் ஒரு பட்டு நூலைத் தொங்கவிட்டார்கள். நூல் குட்டையாக இருந்தபோது நேராக நின்றது. நீளத்தைக் கூட்டியதும், தட்டிவிட்டால் ஆடத் தொடங்கி, ஆடிக்கொண்டே இருந்தது. துணியின் விறைப்பும் எடையும் காற்றின் வேகமும் தமக்குள் நடத்தும் இழுபறிதான் கொடியின் அசைவு.

படம் செய்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: அலை கம்பத்தில் பிறந்து முனையை நோக்கி ஓடுகிறது, ஓட ஓட வளர்கிறது. கம்பத்தோடு கட்டிய ஓரம் அசையாது, எதிர் ஓரம்தான் அதிகம் ஆடும். ஃபில்டரோ கொடி முழுக்க ஒரே உயரத்தில் அலையைப் போட்டுவிடுகிறது. கம்பத்தை ஒட்டிய ஓரமும் நெளிந்திருந்தால், அந்தக் கொடி எதிலும் கட்டப்படாமல் மிதக்கிறது என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றை நான் முக்கியமாக நினைக்கிறேன். நிஜக் கொடியின் துணி மேலும் கீழுமாக ஆடுவதில்லை; நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும் ஆடுகிறது. கம்பத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதால்தான், நமக்கு அருகில் வந்த பகுதி சற்று மேலேயும் விலகிய பகுதி சற்றுக் கீழேயும் தெரிகின்றன. கொடியின் உயரத்துக்கே ஏறி நேருக்கு நேர் பார்த்தால் மேல் ஓரம் ஏறக்குறைய நேர்கோடாகவே இருக்கும். ஆக, படத்தில் நாம் வரையும் மேலும் கீழுமான நெளிவு ஆழத்தின் அடையாளம் மட்டுமே.

ஆழம் என்று வந்துவிட்டால் நீளமும் மாறும். துணி நீண்டு கொடுக்காது. மடிப்புக்குள் கொஞ்சம் துணி போய்விடும். 3 அடி நீளமும் 2 அடி உயரமும் உள்ள கொடியில், ஓர் அலையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் துணி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 36 அங்குலத் துணி சுமார் 33 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். எனவே படத்திலும் நீளத்தை லேசாகக் குறைக்க வேண்டும். சரிவுகளில் அசோகச் சக்கரம் பக்கவாட்டில் ஒடுங்கித் தெரிவதும் இதனால்தான்.

இனி நிழலுக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்பாதி இருட்டாகவும் தீட்டிய வட்டம் நமக்குப் புடைத்த குமிழாகத் தெரிகிறது. அதையே தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடுகிறது. தாளில் குமிழும் இல்லை, குழியும் இல்லை. ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை வைத்திருக்கும் அனுமானம்தான் இரண்டையும் செய்கிறது. போஸ்டரில் தலைவரின் முகத்துக்கு இடமிருந்து வெளிச்சமும், பின்னால் பறக்கும் கொடிக்கு வலமிருந்து வெளிச்சமும் இருந்தால் படம் ஒட்டாமல் தெரிவதும் இதே அனுமானத்தால்தான்.

நிழல் எவ்வளவு வலிமையானது என்பதற்கு நிலவில் நட்ட கொடியே சாட்சி. 1969-ல் அப்போலோ 11 வீரர்கள் கொண்டுபோன நைலான் கொடியின் மேல் ஓரத்தில், துணியை விரித்துப் பிடிக்க ஒரு குறுக்குக் குழாய் இருந்தது. அது முழுவதும் நீளாததால் துணி சுருங்கி மடிந்து நின்றது. அங்கே காற்றே இல்லை. ஆனாலும் புகைப்படத்தில் மடிப்புகளின் நிழலைப் பார்த்தவர்கள் கொடி பறக்கிறது என்றே நினைத்தார்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது நிழல் போடும் இடத்தில்தான். அவர்கள் செய்யும் முறை இது: வெளுப்பும் கறுப்புமாக மாறி மாறி வரும் பட்டைகளைத் தீட்டி, மங்கலாக்கி, பி.எஸ்.டி. கோப்பாகச் சேமிப்பார்கள். 'டிஸ்ப்ளேஸ்' ஃபில்டர் அதைப் படித்துக் கொடியின் பிக்சல்களை நகர்த்தும். சாம்பலின் அளவு 128 என்றால் அந்த இடம் நகராது; 0 பக்கம் போனால் ஒரு திசையிலும், 255 பக்கம் போனால் எதிர்த்திசையிலும் நகரும். இதுவரை சரி. பிறகு அதே பட்டைகளையே கொடியின்மேல் நிழலாகவும் பரப்பிவிடுவார்கள். மேடு வெளுப்பாகவும் பள்ளம் கறுப்பாகவும் வந்துவிடும். தகரம் பிறப்பது அங்கேதான்.

மேட்டின் உச்சியிலும் பள்ளத்தின் அடியிலும் துணி ஒரே திசையைத்தான் பார்க்கிறது. ஆகவே இரண்டிலும் விழும் ஒளி ஏறக்குறைய ஒரே அளவு. 1760-ல் ஜெர்மானிய மொழி பேசிய அறிஞர் லாம்பர்ட் சொன்ன விதி இது: பளபளப்பில்லாத பரப்பின் வெளிச்சம், அது ஒளியிடமிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 60 டிகிரி சாய்ந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும். எனவே நிழல் விழ வேண்டியது சரிவில். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில். ஒளி இடப்பக்கம் இருந்தால் இடம் பார்த்த சரிவு வெளுக்கும், வலம் பார்த்த சரிவு இருளும்.

திருத்துவது எளிது. நகர்த்தப் பயன்படுத்திய பட்டைகளை நகலெடுத்து, அலை நீளத்தில் கால்பங்கு பக்கவாட்டில் தள்ளிவிட்டு நிழலாகப் போடுங்கள். ஓர் அலை 400 பிக்சல் என்றால் 100 பிக்சல் தள்ளினால் போதும். அல்லது அந்த நகலில் 'எம்பாஸ்' ஃபில்டரை ஓட்டுங்கள். அது சரிவைக் கண்டுபிடித்து, சமதளத்தை நடுச்சாம்பலாக விட்டுவிடும். கம்பத்தின் பக்கம் பட்டைகளை 128-க்கு அருகில் மெலிதாகவும், முனை நோக்கிப் போகப்போக அழுத்தமாகவும் தீட்டிக்கொண்டால் அலை வளர்வதும் தானாக வந்துவிடும். டிஸ்ப்ளேஸில் கிடைமட்ட அளவை 0 என்று வைக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் கொடி மூலைவாட்டில் இழுபடும்.

நம் கொடிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நிழல் லேயரை 'ஓவர்லே'யில் வைப்பது வழக்கம். காவியிலும் பச்சையிலும் அது நன்றாகவே இறங்கும். ஆனால் முழு வெள்ளையின்மேல் ஓவர்லே எதையும் மாற்றாது. அதன் கணக்கு அப்படி. நடுப்பட்டை மட்டும் நிழலே இல்லாமல் வெற்றுத்தாளாக நிற்கும். 'மல்டிப்ளை'யோ 'ஹார்டு லைட்'டோ பயன்படுத்தினால் வெள்ளையிலும் நிழல் தெரியும். வெள்ளையை முன்கூட்டியே ஒரு துளி மங்கலாக்கி வைத்தால் வெளிச்சம் விழும் சரிவும் தனியாகத் தெரியும்.

அசையும் படமாக வேண்டுமென்றால் இதே அலையை முனை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 12 சட்டங்களில் ஒரு முழு அலை கடக்கும்படி செய்தால் போதும். கடைசிச் சட்டம் முதல் சட்டத்தோடு தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். ஒவ்வொரு சட்டத்திலும் நிழலும் கூடவே நகர வேண்டும்.

வேலை முடிந்ததும் வாழ்த்துச் செய்தியையும் பெயரையும் கொடியின்மேலேயே அடித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதைச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில், கொடி என்பது துணிக்கொடியை மட்டும் குறிப்பதில்லை. படம், ஓவியம், புகைப்படம் எல்லாமே அதில் அடங்கும். கொடியின்மேல் எழுத்துப் பொறிப்பதை அந்தச் சட்டம் அவமதிப்பாகவே கருதுகிறது. கணினியில் செய்த கொடிக்கும் அது பொருந்தும். எழுத்துகளைக் கொடிக்குக் கீழே வையுங்கள்.