களம் ஓய்ந்தாலும் விவாதம் ஓய்வதில்லை

அமெரிக்காவில் மிக அதிகமான மக்களால் பார்க்கப்படும் விளையாட்டு, வருடத்தின் பெரும்பகுதியில் விளையாடப்படுவதே இல்லை. பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று நடைபெறும் 'சுப்பர் போல்' இறுதியாட்டத்துடன் தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்டத்தின் மைதானங்கள் மூடப்பட்டு விடுகின்றன. ஓகஸ்டில் சில முன்னோட்ட ஆட்டங்கள் நடைபெறுவதைத் தவிர்த்தால், செப்டெம்பர் முற்பகுதி வரை வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆயினும் பேச்சு மட்டும் ஓய்வதில்லை. யார் எந்த அணிக்குச் செல்கின்றார், எவருடைய ஒப்பந்தம் இரத்துச் செய்யப்படுகின்றது, எந்த மாணவ வீரரை எந்த அணி தெரிவு செய்யும் என்ற விவாதங்கள் இம்மாதங்களில்தான் உச்சத்தை அடைகின்றன. நடக்காத ஆட்டத்தைப் பற்றி இத்தனை இலட்சம் பேர் இத்தனை சூடாக விவாதிப்பது ஏன்? அந்த விவாதத்தின் பொருள்தான் என்ன?

பெயரில் உதைபந்தாட்டம் என்றிருப்பினும், இது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. றக்பி ஆட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்த, உடலோடு உடல் மோதும் கடுமையான ஆட்டமே இது. 1920 ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரில் தொடங்கப்பட்டு, 1922 இல் தேசிய உதைபந்தாட்ட லீக் எனப் பெயர் மாற்றம் பெற்ற அமைப்பே இதனை நடத்துகின்றது. இன்று அதில் 32 அணிகள் உள்ளன. 2021 ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவகாலத்தில் 17 ஆட்டங்களில் மட்டுமே விளையாடுகின்றது. ஆட்டங்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் பெறுமதி மிக்கதாகின்றது. எஞ்சிய மாதங்களில் இரசிகனுக்குக் கிடைப்பது எதிர்பார்ப்பு ஒன்றே.

அந்த எதிர்பார்ப்புக்கு ஒரு நாட்காட்டியே உண்டு. குளிர்கால இறுதியில் பல்கலைக்கழக வீரர்கள் இண்டியானாபொலிஸ் நகரில் ஒன்று கூட்டப்பட்டு, அவர்களது உயரம், நிறை, ஓட்ட வேகம், பாய்ச்சல் ஆகியன அளக்கப்படுகின்றன. மார்ச் மாதத்தில் ஒப்பந்தக் காலம் முடிவடைந்த வீரர்களுக்கான சந்தை திறக்கின்றது. ஏப்ரலில் புதிய வீரர் தெரிவு. ஜூலை இறுதியில் பயிற்சி முகாம்கள். இவற்றுள் வீரர் தெரிவே பெருவிழாவாக வளர்ந்துள்ளது. 2024 ஆம் ஆண்டு டெட்ரொயிட் நகரில் மூன்று நாட்கள் நடைபெற்ற தெரிவைக் காண 7 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். அங்கு ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மேடையில் பெயர்கள் வாசிக்கப்பட்டன, அவ்வளவே.

இத்தெரிவு முறையின் தோற்றம் கவனத்திற்குரியது. 1935 இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் இதனை முன்மொழிந்தார். அவரது அணி தோற்றுக்கொண்டிருந்தது. வசதி படைத்த அணிகளோடு போட்டியிட்டுச் சிறந்த வீரர்களை வாங்க அவரிடம் பணம் இருக்கவில்லை. எனவே, முந்திய பருவகாலத்தில் கடைசியிடம் பெற்ற அணியே முதலில் தெரிவு செய்யட்டும் என்றார். ஏனைய உரிமையாளர்களும் இணங்கினர். 1936 இல் நடைபெற்ற முதலாவது தெரிவில் முதற் பெயராக வாசிக்கப்பட்டவர் சிக்காகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பேர்வாங்கர். அவர் இந்த லீக்கில் ஓர் ஆட்டத்திலேனும் விளையாடவில்லை என்பது வரலாற்றின் வேடிக்கை.

நலிந்தவனுக்கு முதலிடம் என்ற ஏற்பாடு நியாயமானதாகவே தோன்றும். அணிகளுக்கிடையே அது நியாயமும் கூட. 1961 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று, அணிகள் ஒன்றுசேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்பதற்கு இடமளித்தது. அவ்வருமானம் அணிகளிடையே சமமாகப் பங்கிடப்படுகின்றது. ஒரு இலட்சத்தை அண்மித்த சனத்தொகையே கொண்ட கிறீன் பே நகரின் அணி, நியூயோர்க் அணிகளுக்கு ஈடுகொடுத்து நிற்பதற்கு இதுவே காரணம். தனியார் முதலீட்டின் தாயகமென வர்ணிக்கப்படும் நாட்டில், பெரும் செல்வந்தர்கள் தமக்குள் சமதர்மத்தைக் கடைப்பிடிக்கின்றார்கள் எனலாம்.

ஆனால் வீரனின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறாகின்றது. கிரிக்கெட் இரசிகர்களான எமது வாசகர்கள் 2008 ஆம் ஆண்டு இந்தியன் பிரிமியர் லீக்கின் முதலாவது ஏலத்தில் முத்தையா முரளிதரனைச் சென்னை அணி 6 இலட்சம் டொலருக்குப் பெற்றதை நினைவுகூரலாம். ஏலத்தில் பலர் விலை கேட்கின்றனர். போட்டி கூடக் கூட வீரனின் ஊதியம் உயர்கின்றது. அமெரிக்கத் தெரிவில் விலை கேட்பதென்பதே இல்லை. பெயர் வாசிக்கப்பட்டதும் அவ்வீரன் அந்த ஓர் அணியுடன் மாத்திரமே பேச வேண்டும். எந்த நகரில் வாழ்வது, யாரிடம் வேலை செய்வது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. ஊதியமும் பெரும்பாலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுவிட்டது. 2010 இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்போர்ட் ஆறு ஆண்டுகளுக்கு 78 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார். மறு ஆண்டு அதே இடத்தில் தெரிவான கம் நியூட்டனுக்குக் கிடைத்ததோ நான்கு ஆண்டுகளுக்கு 22 மில்லியன் டொலர். இடையில் நிகழ்ந்தது, உரிமையாளர்களும் வீரர் சங்கமும் 2011 இல் செய்துகொண்ட புதிய உடன்படிக்கை. சங்கத்தில் இன்னும் சேர்ந்திராத மாணவர்களின் ஊதியத்தைக் குறைப்பது இரு தரப்பாருக்கும் எளிதாயிருந்தது.

மார்ச் மாதச் சந்தையும் இலகுவில் கிடைத்த ஒன்றல்ல. 1960 களில், ஒப்பந்தம் முடிந்த வீரனை வேறோர் அணி சேர்த்துக்கொண்டால் பழைய அணிக்கு இழப்பீடு வழங்க வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில் அதனை லீக்கின் ஆணையாளரே தீர்மானிப்பார் என்ற விதி இருந்தது. என்ன கேட்கப்படுமோ என்ற அச்சத்தில் அணிகள் அத்தகைய வீரர்களைச் சேர்க்கத் தயங்கின. இவ்விதியை எதிர்த்து வீரர் சங்கத் தலைவராயிருந்த ஜோன் மக்கி தொடுத்த வழக்கில் 1976 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வீரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் அடுத்து வந்த உடன்படிக்கைகள் அவ்வெற்றியைப் பயனற்றதாக்கின.

1987 இல் இதே கோரிக்கையை முன்வைத்து வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உரிமையாளர்கள் ஒரு வார ஆட்டங்களை மட்டும் இரத்துச் செய்துவிட்டு, மாற்று வீரர்களைத் திரட்டி மூன்று வாரங்கள் ஆட்டங்களை நடத்தினர். அப்போது இரசிகர்கள் ஒரு கேள்விக்குப் பதிலளிக்க வேண்டியிருந்தது: மைதானத்துக்குள் செல்வதா, இல்லையா? தொழிற்சங்க மரபில் ஊறிய பிலடெல்பியா நகரில், 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரக்கூடிய மைதானத்துக்கு வந்தோர் சுமார் 4,000 பேர் மட்டுமே. வேறு சில நகரங்களிலோ பல்லாயிரக்கணக்கானோர் சென்று மாற்று வீரர்களுக்குக் கரகோஷம் செய்தனர். தொலைக்காட்சிப் பணம் தொடர்ந்து வந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. பின்னர் 1992 இல் மினியாபொலிஸ் நகரில் நடுவர் மன்றமொன்று வழங்கிய தீர்ப்பின் விளைவாகவே, 1993 இல் உண்மையான இடமாற்றச் சுதந்திரம் பிறந்தது. அதன் முதற் பயனைப் பெற்ற புகழ்வாய்ந்த வீரர் றெஜி வைட், நான்கு ஆண்டுகளுக்கு 17 மில்லியன் டொலருக்குக் கிறீன் பே அணியில் இணைந்தார்.

சுதந்திரத்துடன் கூடவே விலங்கும் வந்தது. 1994 இல் சம்பள உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தபோது அது அணிக்கு 34.6 மில்லியன் டொலராக இருந்தது. 2025 இல் அது 279.2 மில்லியன் டொலர். எந்த அணியும் இதனை மீற முடியாது. ஆகவே ஒரு வீரனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் அவனுடைய சக வீரனுக்குக் கிடைக்காத டொலராகின்றது. அத்துடன் அணி விரும்பினால் முக்கிய வீரர் ஒருவரை, விதிக்கப்பட்ட ஊதியத்துக்கு, மேலும் ஓராண்டு தடுத்து வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. 2018 இல் பிற்ஸ்பேர்க் அணியின் லேவியன் பெல் அதற்கு உடன்படாமல் பருவகாலம் முழுவதும் விளையாடாதிருந்தார். பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறிப்பிடப்படும் தொகை முழுவதும் உத்தரவாதமானதல்ல. காயமோ தளர்ச்சியோ தெரிந்தால் அணி அவனை விடுவித்துவிடலாம். எஞ்சிய தொகை வெறும் எண்ணாகிவிடும்.

இரசிகர்களின் ஓய்வுகால விவாதம் சுழல்வது இந்த இயந்திரத்தைச் சுற்றியே. பந்தை எவ்வாறு வீசினான் என்று பேசியவர்கள், உச்சவரம்பில் எத்தனை மில்லியன் எஞ்சியுள்ளது, எவரை விடுவித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பேசுகின்றனர். சாதாரண ஊழியர்கள் கூட இம்மாதங்களில் கணக்காளர்களாகவும் முகாமையாளர்களாகவும் மாறிவிடுகின்றனர். இதற்கு ஒரு பழக்கமும் துணைபுரிகின்றது. 1960 களின் தொடக்கத்தில் ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த சிலர் கற்பனை அணிகளை அமைத்து விளையாடும் பொழுதுபோக்கொன்றை உருவாக்கினர். இன்று கோடிக்கணக்கானோர் ஆளுக்கோர் அணிக்கு உரிமையாளராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். 2018 இல் உச்சநீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கான தடையை நீக்கியபின், அந்தப் பார்வையுடன் பணமும் சேர்ந்துகொண்டது.

இரசிகர்களின் கணக்கு எப்போதும் பிழை என்று கூறிவிட முடியாது. ஆனால் அடிக்கடி பிழைக்கின்றது. பந்தைத் தாங்கி ஓடும் வீரர்கள் விரைவில் தேய்ந்துவிடுவர், அவர்களுக்குப் பெருந்தொகை கொடுப்பது மூடத்தனம் என்பது கடந்த பத்தாண்டின் பொது ஞானமாக இருந்தது. நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி 2024 மார்ச் மாதத்தில் சக்குவோன் பார்க்லியைப் போகவிட்டது. அவர் அயல் நகரான பிலடெல்பியாவின் அணியில் இணைந்து, அப்பருவகாலத்தில் 2,005 யார் தூரம் ஓடி, 2025 பெப்ரவரியில் சுப்பர் போல் கிண்ணத்தையும் வென்றார். 2000 ஆம் ஆண்டுத் தெரிவில் 198 பேர் அழைக்கப்பட்ட பின்னரே அழைக்கப்பட்ட ரொம் பிறேடி ஏழு தடவைகள் அக்கிண்ணத்தை வென்றமை உலகறிந்ததே. மனிதனை அளக்கும் கோல் எதுவும் முழுமையானதல்ல.

இதைவிடக் கனதியான குறையொன்றும் அவ்விவாதத்தில் உண்டு. வீரர்களின் சுதந்திரத்துக்காக வழக்குத் தொடுத்த ஜோன் மக்கி, தமது பிற்காலத்தில் மறதி நோயினால் பாதிக்கப்பட்டு 2011 இல் காலமானார். அத்தகைய நோயுற்ற முன்னாள் வீரர்களைப் பராமரிப்பதற்காக 2007 இல் ஏற்படுத்தப்பட்ட உதவித் திட்டம், அவர் அணிந்த 88 ஆம் இலக்கத்தின் பெயராலேயே வழங்குகின்றது. 2002 இல் மரணமான மைக் வெப்ஸ்ரரின் மூளையை ஆராய்ந்த வைத்தியர் பெனற் ஒமாலு, தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளால் நேரும் சிதைவை அங்கு கண்டறிந்தார். ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கின் இணக்கப்பாட்டுக்கு 2015 இல் நீதிமன்ற அங்கீகாரம் கிடைத்தது. இவை யாவும் அறியப்பட்ட பின்னரும், 'இவனை இப்போதே விற்றுவிட வேண்டும்' என்று இரசிகன் கூறுகையில், தேய்ந்துபோவது ஒரு மனிதனின் உடல் என்பது மறக்கப்பட்டு விடுகின்றது.

விந்தை யாதெனில், உரிமையாளனின் கண்கொண்டு பார்க்கும் இதே இரசிகனை உரிமையாளர்கள் ஒருபோதும் பங்காளியாகக் கருதியதில்லை. பால்ரிமோர் நகரின் கோல்ற்ஸ் அணி 1984 மார்ச் மாதத்து இரவொன்றில் பார ஊர்திகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபொலிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995 இல் கிளீவ்லண்ட் பிறவுண்ஸ் அணியை அதன் உரிமையாளர் பால்ரிமோருக்கு மாற்றுவதாக அறிவித்தபோது, அந்நகர மக்கள் வெறுமனே விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. கிளர்ந்தெழுந்தனர்; நகர நிர்வாகம் நீதிமன்றம் சென்றது. அணி போயிற்று. ஆயினும் பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லண்டுக்கே உரியவை என 1996 இல் இணக்கம் காணப்பட்டு, 1999 இல் புதிய அணியொன்று அப்பெயரில் களமிறங்கியது. கிறீன் பே அணி மட்டுமே 5 இலட்சத்துக்கும் அதிகமான பொதுமக்களைப் பங்குதாரர்களாகக் கொண்டுள்ளது. அப்பங்குகளுக்கு இலாபம் வழங்கப்படுவதில்லை. ஆனால் அந்த அணியை இரவோடிரவாகக் கொண்டு செல்லவும் எவராலும் இயலாது.

இன்னொரு சோதனைக்கு அதிக காலம் இல்லை. 2020 இல் வீரர்கள் 1,019 க்கு 959 என்ற மிகச் சொற்ப வித்தியாசத்தில் அங்கீகரித்த உடன்படிக்கை 2030 ஆம் ஆண்டுப் பருவகாலத்துடன் முடிவடையவுள்ளது. அப்போது மீண்டும் கதவடைப்போ வேலைநிறுத்தமோ நேருமாயின், கோடீஸ்வரர்களின் சண்டையில் எமக்கென்ன என்ற குரல் வழமைபோல் எழும். அக்குரலில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் சில ஆண்டுகளே உழைக்கக்கூடிய உடலை நம்பி வாழ்பவனையும், தலைமுறை தலைமுறையாக அணியை உடைமையாகக் கொண்டிருப்பவனையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது நீதியாகாது.

விளையாட்டைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. அது மனிதரை ஒன்றுசேர்க்கும் நல்ல பழக்கமே. ஓய்வு மாதங்களில் இரசிகர்கள் கற்றுக்கொள்ளும் சட்டமும் பொருளாதாரமும் வேறெந்தப் பொழுதுபோக்கும் அளிக்காத கல்வி. ஆனால் அந்தக் கல்வி எவருடைய கணக்கை எழுதப் பயன்படுகின்றது என்பதே கேள்வி. 1987 இல் பிலடெல்பியா மைதானத்துக்கு வெளியே நின்றவர்கள் அதற்கு ஒரு பதிலைக் கூறிச் சென்றுள்ளனர்.