நரகத்தை வாசித்த நால்வர்

ஒப்பனையும் வேட உடையும் காட்சித் திரையும் இல்லாத மேடையில், பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டோ எதிரில் உள்ள தாங்கியில் விரித்துவைத்தோ, நடிகர்கள் ஒரு நாடகத்தை அவையோர் முன் குரலால் நிகழ்த்திக் காட்டுவதே மேடை வாசிப்பு எனப்படும். நாடக உலகில் இது பெரும்பாலும் ஒரு முன்னேற்பாடாகவே கருதப்படுகிறது. புதிதாக எழுதப்பட்ட நாடகம் காதில் எப்படி விழுகிறது, எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் தேவைக்கு மேல் பேசுகிறது என்பவற்றை ஆசிரியர் அறிந்துகொள்ளும்பொருட்டுச் சில நாள் ஒத்திகையோடு அது நடத்தப்படுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1964இல் நிறுவப்பட்ட யூஜின் ஓ'நீல் நாடக மையம் இந்த வழக்கத்தை ஒரு பயிற்சிமுறையாகவே வளர்த்தெடுத்தது; ஆகஸ்ட் வில்சனின் ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ 1982இல் அங்கே வாசிக்கப்பட்டு, 1984இல் பிராட்வே அரங்கை அடைந்தது. எனினும், தேர்ந்த நடிகர்களின் கையில் வாசிப்பு தன்னளவில் நிறைவுபெற்ற ஒரு கலைவடிவமாகிவிடுவதும், சில நாடகங்களுக்கு அதைவிடப் பொருத்தமான மேடை வேறு அமையாமற்போவதும் உண்டு. பெர்னார்ட் ஷாவின் ‘நரகத்தில் டான் ஜுவான்’ என்ற பகுதியை 1951ஆம் ஆண்டு முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் நகரங்களில் வாசித்துக் காட்டிய நான்கு நடிகர்களின் முயற்சி இதற்கு மிக வலுவான சான்றாகும்.

ஷா 1903இல் வெளியிட்ட ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ நாடகம் நான்கு அங்கங்கள் கொண்டது. அதன் மூன்றாம் அங்கத்தில், ஸ்பெயின் நாட்டு மலைத்தொடர் ஒன்றில் கொள்ளைக்கூட்டத்தாரிடம் சிக்கிக்கொள்ளும் நாயகன் ஜான் டானர், இரவு உறங்கும்போது ஒரு கனவு காண்கிறான். அக்கனவில் அவனே பழங்கதை நாயகனாகிய டான் ஜுவானாகவும், கொள்ளைத் தலைவன் சாத்தானாகவும், டானரை மணக்க விரும்பும் ஆன் என்ற பெண் டோனா ஆனாவாகவும், அவளுடைய காப்பாளரான முதியவர் டான் ஜுவானின் வாளுக்குப் பலியாகிச் சிலையாய் நின்ற படைத்தளபதியாகவும் தோன்றுகின்றனர். இந்நால்வரும் நரகத்தில் கூடி, இன்பம், காதல், திருமணம், போர், மனிதகுலத்தின் எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் வாதிடுகின்றனர். இதைத் தவிர அங்கே நிகழ்வது மிகக் குறைவு. சொர்க்கம் சலித்துப்போன தளபதி நரகத்துக்குக் குடிபெயர வருகிறார். நரகத்தின் பொய்யின்பங்கள் சலித்துப்போன டான் ஜுவானோ, மெய்ம்மையை எண்ணிப்பார்ப்பதற்கு உரிய இடமென்று கருதிச் சொர்க்கத்துக்குப் புறப்படுகிறான். உயிர்களைத் தூண்டி மேன்மேலும் உயர்ந்த அறிவை நோக்கிச் செலுத்தும் ஆற்றல் ஒன்று இயற்கையில் உண்டு என்பது ஷாவின் கொள்கை. ‘உயிராற்றல்’ என்று அவர் பெயரிட்ட அக்கொள்கையை எடுத்துரைப்பவன் டான் ஜுவான். மனிதன் ஆக்கும் கலையில் கற்றதைவிட அழிக்கும் கலையில் கற்றதே மிகுதி என்று காட்டி அதை மறுப்பவன் சாத்தான்.

இந்நாடகத்துக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பு அது பிறந்தபோதே ஏற்பட்டுவிட்டது. ஒரு நாடகம் பொதுமேடையில் நிகழ்த்தப்படும் முன் நூலாக அச்சேறினால், அதை மேடையேற்றும் உரிமையை ஆசிரியர் இழந்துவிடக்கூடும் என்ற நிலை அக்காலத்து இங்கிலாந்தின் சட்டத்தில் இருந்தது. எனவே நூல் வெளிவருவதற்குமுன், கிடைத்த சிலரைக் கூட்டிவைத்துப் பிரதியை அவசரமாக வாசித்து முடித்துவிடும் ‘பதிப்புரிமை வாசிப்பு’ என்ற வழக்கம் தோன்றியது. ஷாவின் இந்நாடகமும் 1903இல் லண்டனில் அவ்வாறு வாசிக்கப்பட்டது. ஆனால் 1905இல் ராயல் கோர்ட் அரங்கில் அது முறையாக நடிக்கப்பட்டபோது மூன்றாம் அங்கம் முற்றிலும் நீக்கப்பட்டிருந்தது. அந்த அங்கத்தைச் சேர்த்தால் நாடகம் ஐந்து மணிநேரத்தை எட்டிவிடும் என்பது ஒரு காரணம். கதை ஓட்டத்தை அது நிறுத்திவிடுகிறது என்பது மற்றொன்று. 1907இல் அந்த அங்கம் மட்டும் தனியாக அதே அரங்கில் நடிக்கப்பட்டது. நாடகம் நான்கு அங்கங்களோடும் முழுமையாக மேடையேற 1915ஆம் ஆண்டு வரை, எடின்பரோவில் எஸ்மே பெர்சியின் குழு துணியும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நடிப்பதற்குக் கடினமானது என்று ஒதுக்கப்பட்ட அங்கம் வாசிப்பதற்கு உகந்ததாக அமைந்ததன் காரணம் அதன் எழுத்திலேயே இருக்கிறது. கனவு தொடங்கும் இடத்தை ஷா வருணிக்கும்போது வானமும் மலையும் ஒளியும் ஒலியும் காலமும் வெளியும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமற்போய், வெறுமை மட்டுமே எஞ்சுகிறது. இந்த வெறுமையைத் தச்சரும் ஓவியரும் சேர்ந்து மேடையில் உருவாக்க முயலும்போது அது ஒரு காட்சியாகிவிடுகிறது. காட்சியமைப்பே இல்லாத மேடையோ தொடக்கத்திலேயே அந்த வெறுமையாக இருக்கிறது. இதைவிட ஆழமான காரணம் இசை சார்ந்தது. நாடகாசிரியராகப் புகழ்பெறுவதற்குமுன் இசை விமர்சகராக இருந்த ஷா, முதன்மைப் பாத்திரங்களுக்கு நடிகர்களைத் தேரும்போது, மேற்கத்திய இசைநாடகத்தில் உச்சக்குரல் முதல் அடிக்குரல் வரை நான்கு வகைக் குரல்கள் வேறுபட்டு ஒலிப்பதைப்போல் அவர்களின் குரல்களும் வேறுபட்டு ஒலிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். மோட்சார்ட்டின் ‘டான் ஜொவானி’ இசைநாடகத்தின் நிழல் இந்த அங்கம் முழுவதும் படிந்திருக்கிறது. ஆகவே இதை நான்கு குரல்களுக்காக எழுதப்பட்ட இசைப்படைப்பாகக் கொண்டு நிகழ்த்துவது ஆசிரியரின் உள்நோக்கத்துக்கு மிக நெருங்கிய செயலே ஆகும்.

இதை உணர்ந்தவர் சார்லஸ் லாட்டன். இங்கிலாந்தில் 1899இல் பிறந்து, லண்டன் மேடையில் பெயர்பெற்று, எட்டாம் ஹென்றி மன்னராக நடித்த திரைப்படத்துக்கு ஆஸ்கார் விருது பெற்ற லாட்டன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் இருந்த காயமுற்ற படைவீரர்களுக்கு நூல்களை உரக்க வாசித்துக்காட்டி வந்தார். பின்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் விவிலியத்தை வாசித்ததைக் கண்ட பால் கிரகரி என்ற இளம் தயாரிப்பாளர், இதை ஊர் ஊராகக் கொண்டுசெல்லலாம் என்று அவரை இணங்கவைத்தார். தனியொருவராக வாசித்து வெற்றி கண்ட லாட்டன், அடுத்த கட்டமாக நான்கு பேர் வாசிக்கும் நாடகத்தைத் தேடியபோது, எவரும் எளிதில் தொடத் துணியாத ஷாவின் மூன்றாம் அங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். ‘முதல் நாடக நால்வர்’ என்ற பொருளில் குழுவுக்குப் பெயர் சூட்டப்பட்டது. லாட்டன் இயக்குநராகவும் சாத்தானாகவும் அமைய, பாரிஸ் மேடையில் வளர்ந்து ஹாலிவுட்டில் காதல் நாயகனாகப் புகழ்பெற்ற சார்லஸ் போயர் டான் ஜுவானானார். ஷாவின் ‘ஆப்பிள் கார்ட்’ நாடகத்தில் 1929இல் இங்கிலாந்தில் மன்னர் மேக்னஸாக நடித்த செட்ரிக் ஹார்ட்விக் தளபதியின் சிலையானார். ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி நாடகக் குழுவிலும் வானொலி நாடகங்களிலும் தம் குரலைத் தீட்டிக்கொண்ட ஆக்னஸ் மூர்ஹெட் டோனா ஆனாவானார்.

மேடையில் நான்கு உயர்ந்த இருக்கைகள், அவற்றின் முன் பிரதியைத் தாங்கும் நான்கு தாங்கிகள், ஒலிவாங்கிகள் ஆகியவை மட்டுமே இருந்தன. ஆடவர் மூவரும் மாலை விருந்துக்குரிய கறுப்பு உடையிலும், மூர்ஹெட் அதற்கேற்ற நீண்ட அங்கியிலும் வந்து அமர்ந்தனர். 1951 அக்டோபர் 22 அன்று, வழக்கமாக இசை நிகழ்ச்சிகளுக்கு உரியதாகிய நியூயார்க் கார்னகி அரங்கில் வாசித்த பின், அவ்வாண்டு நவம்பர் இறுதியில் பிராட்வேயின் செஞ்சுரி அரங்கிலும், 1952 வசந்தத்தில் பிளிமத் அரங்கிலும் அவர்கள் தொடர்ந்து நிகழ்த்தினர். அவ்வாண்டின் டோனி விருதுகளில் இதற்காகப் போயருக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்டது. கொலம்பியா நிறுவனம் முழு வாசிப்பையும் இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

அந்த ஒலிப்பதிவைக் கேட்போர் முதலில் உணர்வது, போயரின் பிரெஞ்சுச் சாயல் படிந்த ஆங்கிலம் டான் ஜுவானுக்கு எவ்வளவு துணைசெய்கிறது என்பதே. சாத்தானின் நண்பர்களை இடித்துரைக்கும் நீண்ட உரையில், ஒருவர்க்கு இருப்பதாகத் தோன்றும் நற்குணத்தையும் உண்மையில் இருக்கும் போலித்தனத்தையும் ஷா இணை இணையாக அடுக்கிக்கொண்டே போகிறார். மூச்சு வாங்கும் இடத்தைப் பிழையாகத் தேர்ந்தால் வெறும் பட்டியலாகிவிடக்கூடிய அந்த உரையை, ஒவ்வோர் இணையிலும் விசையைச் சிறிது சிறிதாக ஏற்றிப் போயர் ஓர் எழுச்சியாக மாற்றுகிறார். லாட்டனின் சாத்தான் இதற்கு நேர்மாறானவன். கோபத்தைவிடக் குறைபட்டுக்கொள்ளும் தொனியே அவனிடம் மேலோங்குகிறது. மனிதன் படைத்த கொலைக்கருவிகளைப் பற்றி அவன் பேசும் பகுதி ஷா எழுதிய நாளில் ஒரு தத்துவ வாதமாக இருந்திருக்கும். ஹிரோஷிமாவுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு எழுதப்பட்டதுபோல் அவையோர் காதில் விழுந்திருக்க வேண்டும். வேடமும் காட்சியும் இருந்திருந்தால் அப்பேச்சு கொம்பு முளைத்த ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பேச்சாகவே நின்றிருக்கும். தம் காலத்து உடையில் தம் முன்னே அமர்ந்திருக்கும் ஒருவர் அதைச் சொன்னபோது, அதன் பொறுப்பிலிருந்து அவையோர் விலகிக்கொள்ள இடமில்லை.

அந்த நால்வரும் உண்மையில் வாசிக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரதி முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். தாங்கியில் இருந்த நூல்கள் மேடைப் பொருள்களே. இதைக் கண்கட்டு வித்தை என்று தள்ளிவிடுவது சரியன்று. நூல் கண்ணுக்குத் தெரியும்வரை, மேடையில் இருப்பவர் டான் ஜுவானும் ஆவார், டான் ஜுவானின் சொல்லை எடுத்துரைக்கும் நடிகரும் ஆவார். அவையோர் இருவரையும் ஒருசேரப் பார்க்கின்றனர். பக்கத்தைப் புரட்டுவது, பேசாதபோது நூலின்மீது கண்ணைத் தாழ்த்துவது, எதிராளி எல்லை மீறும்போது சட்டென்று நிமிர்ந்து நோக்குவது ஆகிய மிகச் சிறிய அசைவுகள்கூட, மற்ற அசைவுகள் யாவும் நீக்கப்பட்ட மேடையில் பெரும் பொருள் பெறுகின்றன. இந்த வடிவம் நடிகரின் குறையை மறைப்பதற்கு எதையும் தருவதில்லை என்பதால்தான் தேர்ந்தவர்களைக் கேட்கிறது. செயலை நம்பி எழுதப்பட்ட நாடகங்கள் இதில் மெலிந்துபோகும் என்பதும் உண்மையே. கதவு அறைபடுவதும் வாள் உருவப்படுவதும் உயிர்நாடியாக உள்ள நாடகத்தை நான்கு இருக்கைகளில் அமர்த்துவதால் பயனில்லை.

ஏ. ஆர். கர்னியின் ‘லவ் லெட்டர்ஸ்’ நாடகம் இதே வடிவத்தை எதிர்த்திசையிலிருந்து அணுகுகிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சிறுவயது முதல் ஐம்பது ஆண்டு அளவுக்கு ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களே அந்நாடகம்; நடிகர்கள் அருகருகே அமர்ந்து அவற்றை வாசிக்க வேண்டும், மனப்பாடம் செய்யக்கூடாது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூடாது என்பது ஆசிரியரின் விருப்பம். கடிதம் என்பது இயல்பாகவே வாசிக்கப்படும் பொருள் ஆகையால், இங்கே கையிலுள்ள தாள் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகவே இருக்கிறது. 1989 அக்டோபர் இறுதியில் பிராட்வேயின் எடிசன் அரங்கில் கொலீன் டூஹர்ஸ்டும் ஜேசன் ரோபார்ட்ஸும் அதைத் தொடங்கிவைத்தனர். மனப்பாடம் வேண்டாததால் வாரந்தோறும் புதிய இணையரை அமர்த்த முடிந்தது.

இந்தியாவில் அதே நாடகத்தைத் தழுவி ஜாவேத் சித்திக்கி உருதுவில் எழுதிய ‘தும்ஹாரி அம்ரிதா’, ஃபிரோஸ் அப்பாஸ் கான் இயக்கத்தில் 1992இல் மும்பையில் மேடையேறியது. சித்திக்கியின் பங்களிப்பு இருந்த சத்யஜித் ராயின் ‘சத்ரஞ் கே கிலாடி’ படத்தில் முன்னரே நடித்திருந்த ஷபானா ஆஸ்மியும் ஃபரூக் ஷேக்கும் அம்ரிதாவாகவும் சுல்ஃபிகராகவும் கடிதங்களை வாசித்தனர். அமெரிக்காவில் வாரந்தோறும் மாறிய இணை இங்கே இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் மாறவேயில்லை. ஆக்ராவில் தாஜ்மகாலைப் பின்புலமாகக் கொண்டு 2013 டிசம்பரில் அவர்கள் வாசித்ததே கடைசி நிகழ்வாயிற்று. அம்மாத இறுதியில் ஃபரூக் ஷேக் துபாயில் காலமானார். நாற்பதுகளில் தொடங்கிய இருவரும் அறுபதுகளிலும் அதே சிறுவயதுக் கடிதங்களை வாசித்தனர். முதிர்ந்த குரலில் ஒரு சிறுமியின் பிடிவாதம் ஒலித்தபோது அது பொருந்தாமற்போகவில்லை. வயதைப் பொருட்படுத்தாத இந்த உரிமையை மேடை வாசிப்பு மட்டுமே நடிகருக்கு இவ்வளவு தாராளமாகத் தருகிறது. மூர்ஹெட்டும் அதைப் பெற்றவரே: எழுபத்தேழு வயதில் இறந்து நரகம் புகும் டோனா ஆனா, வயது அங்கே அவரவர் விருப்பம் என்று அறிந்தவுடன் இருபத்தேழு வயதுப் பெண்ணாகிறாள்; ஜான் ஹவுஸ்மன் இயக்கத்தில் 1973இல் ‘நரகத்தில் டான் ஜுவான்’ மீண்டும் பிராட்வேக்கு வந்தபோது, ஆடவர் மூவரும் புதியவர்களாக இருக்க, எழுபத்திரண்டு வயதில் அந்தப் பாத்திரத்தை மீண்டும் வாசித்தவர் அவர்தான்.