நியூட்ரலில் ஊர்ந்து செல்லும் வண்டி

நம் வணிகப் பெருமக்களில் பலர் கடையோடு தோட்டம் துரவும் வைத்திருக்கிறோம். நெல், மக்காச்சோளம் கொள்முதல் செய்கிறவர்களுக்கு அறுவடை இயந்திரத்துக்காரர்களோடு அன்றாடப் பழக்கம் உண்டு. ஆகவே, மளிகைக் கடைக்கு இது எதற்கு என்று ஒதுக்காமல் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பழனி, ஆயக்குடி, ஆத்தூர்ப் பக்கம் நெல் அறுக்க வரும் பெல்ட் வண்டிகள் பலவற்றில் ஒரே லீவரைத் தள்ளினால் வண்டி முன்னே போகும், இழுத்தால் பின்னே வரும். இந்த ஏற்பாட்டுக்கு ஹைட்ரோஸ்டேடிக் டிரான்ஸ்மிஷன் என்று பெயர். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1967-லேயே இதை டிராக்டரில் கொண்டுவந்தது. இன்று வெளிநாடுகளில் சிறிய டிராக்டர்களில் இது சாதாரணம். நம் பகுதியின் சிறிய டிராக்டர்களில் பெரும்பாலானவை கிளட்சும் கியர்பாக்ஸும் உள்ளவையே.

இவ்வகை வண்டிகளில் ஒரு கோளாறு வருவதுண்டு. லீவர் நியூட்ரலில் இருக்கும், இன்ஜின் ஓடும், வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். களத்தில் மூட்டை தூக்குகிறவர் பின்னால் நிற்பார். சிக்கிய வைக்கோலை எடுக்க ஒருவர் முன்னால் குனிவார். "கொஞ்சம்தானே நகருது, பிரேக்கை மிதிச்சுக்கோ" என்று விட்டுவிட்டால் ஒரு நாள் ஆளையே நசுக்கிவிடும்.

ஏன் நகர்கிறது? அடைத்து வைத்த திரவத்தை அழுத்தினால் பெரும் பளுவைத் தள்ளலாம் என்பதை வைத்து 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. அவர் பூட்டுத் தொழிலிலும் பேர் பெற்றவர் என்பது, 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல்லுக்கு உவப்பான செய்தி. அதே தத்துவம்தான் இங்கும். இன்ஜின் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்புக்குள் வட்டமாக அமைந்த சிறு பிஸ்டன்கள் ஒரு தட்டின்மேல் உரசி ஓடுகின்றன. தட்டு சாய்ந்தால் பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்ற, வண்டி ஓடும். மறுபக்கம் சாய்ந்தால் பின்னோக்கி ஓடும். தட்டு நேராக நின்றால் எண்ணெய் நகராது. அதுதான் நியூட்ரல். இம்மியளவு சாய்வு மீதமிருந்தாலும் வண்டி ஊரும்.

நமக்கு இது தராசுச் சங்கதி. தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் துருவோ தேய்மானமோ இருக்கிறது. வண்டியும் அப்படியே. சமதளத்தில் எப்போதும் ஒரே திசையில் ஊர்ந்தால், லீவருக்கும் பம்ப்புக்கும் இடையிலுள்ள கம்பியின் அளவு தவறியிருக்கிறது. முன்னே ஓட்டி நிறுத்தினால் முன்னேயும், பின்னே ஓட்டி நிறுத்தினால் பின்னேயும் ஊர்ந்தால், இணைப்புகள் இறுகியோ தேய்ந்தோ இருக்கும். அல்லது நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அங்கே கம்பியை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. புஷ்ஷையோ ஸ்பிரிங்கையோ மாற்ற வேண்டும்.

இனி, சிறிய டிராக்டரில் செய்யவேண்டியவை:

1. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடவும். பெடல், கம்பி, ஸ்பிரிங் இவற்றில் அடைந்த செம்மண், வைக்கோலைச் சுத்தம் செய்து, மூட்டுகளுக்கு எண்ணெய் விடவும். பல வேளைகளில் கோளாறு இத்தோடு தீரும்.

2. தீராவிட்டால் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நாலு சக்கர இழுவையை விலக்கிவிட்டு, பின்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தவும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

3. எண்ணெய் சூடாகும்வரை இன்ஜினை ஓடவிட்டு, சக்கரம் எப்பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவும். பிறகு இன்ஜினை நிறுத்தி, கம்பியின் லாக் நட்டைத் தளர்த்திச் சிறிது திருப்பி, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கவும். சக்கரம் நின்ற இடத்துக்கும் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிய இடத்துக்கும் நடுவில் வைத்து நட்டை இறுக்கவும்.

4. முன்னும் பின்னும் பலமுறை ஓட்டி விட்டுப் பார்க்கவும். ஒவ்வொரு முறையும் சக்கரம் நிற்க வேண்டும்.

திருப்பும் இடம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை இயந்திரம் கனமானது. அதைத் தூக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை.

மேலும் ஒன்று. சரிவில் நிறுத்தினால் மட்டும் வண்டி கீழ்நோக்கி இறங்கினால் அது நியூட்ரல் கோளாறு ஆகாது. பம்ப்பிலும் மோட்டாரிலும் எண்ணெய் சிறிது கசிவது இயல்பு. சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பார்க்கிங் பிரேக்கின் வேலை. பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், சூடேறியபின் இழுவை குறைந்து மேட்டில் வண்டி திணறும். அந்த அறிகுறி இல்லாமல் "பம்ப் போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால், கம்பியையும் ஸ்பிரிங்கையும் பார்த்தாயிற்றா என்று கேட்டபின் பணத்தை எடுங்கள்.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். அறுவடை வாடகையில் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் பேசுகிறோம். வண்டி நம் களத்துக்குள் வரும்போது, சமதளத்தில் நியூட்ரலில் போட்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் பார்ப்போம். ஊர்ந்தால், சரி செய்த பிறகே ஆட்களை அருகில் விடவேண்டும். அந்த ஆட்கள் நம்மை நம்பி வந்தவர்கள்.