கணக்கில் வராத குடிகள்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வந்த புதிதில் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ, ஒரே அறையில் பத்துப் பேரோடோ படுத்தெழுந்தவர்கள் நம்மில் பலர். அந்த உறவினரும் அந்த அறையும் வாய்க்காதவர்கள் எங்கே போயினர்? நடைபாதைக்குப் போயினர். மும்பை மாநகரின் நடைபாதைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் தார்ப்பாய்க் குடில் அமைத்து வாழ்ந்தவர்களுள் தமிழரும் உண்டு. அவர்களை அந்நகரம் எவ்வாறு நடத்தியது என்னும் வரலாறு, இந்தியாவின் எம்மூலையில் குடியேறிய தமிழ்க் குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது.

1981-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள், அன்றைய மகாராட்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே ஓர் அறிவிப்பை வெளியிட்டார். நடைபாதைவாசிகள் அனைவரும் அப்புறப்படுத்தப்படுவர். அவரவர் சொந்த ஊருக்கே திருப்பியனுப்பப்படுவர் என்பது அதன் சாரம். மழை கொட்டும் காலத்தில் குடில்கள் பிரித்தெறியப்பட்டன. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர் சேலத்துக்காரர். நிலமற்ற கூலி, வறட்சியால் வேலை இழந்து 1961-இல் பம்பாய் வந்தவர். தகிசரில் ஒரு இரசாயன ஆலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கான்வாசும் கொண்ட ஒரு மறைப்புக்காக, பேட்டை ஆதிக்கக்காரன் ஒருவனுக்கு அவர் 2,500 ரூபாய் கொடுத்திருந்தார். அரசினர் அவரை மனைவி மக்களோடு சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டனர். குடும்பம் சேலத்தில் தங்கிற்று. அவரோ வேலை தேடி மீண்டும் பம்பாய் திரும்பினார். மீண்டும் ஒரு நடைபாதைக் குடிலையே அடைந்தார்.

இச்செய்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. விரட்டும் கொள்கையின் முழுப்பயனும் இவ்வொருவர் கதையில் அடங்கிவிடுகிறது. வேலை இருக்கும் இடத்துக்கே மனிதன் வருவான். குடிலைப் பிரிக்கலாம், பசியைப் பேருந்தில் ஏற்றி அனுப்ப இயலுமோ?

அந்தச் சேலத்துத் தொழிலாளியும், ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரும், வேறு சிலரும் நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கில் இடம்பெற்ற குடியிருப்புகளுள் ஒன்றின் பெயர் நம் செவிக்கு இனியது: காமராஜ் நகர். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் அருகே ஏறத்தாழ 1960-இல் அது தோன்றியது. நெடுஞ்சாலை ஓரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் அங்கே குடிசை கட்டிக்கொண்டதாக அம்மக்கள் நீதிமன்றத்தில் கூறினர். நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டவர்களை அந்நகரம் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று அழைத்தது.

1985 ஜூலை 10-ஆம் நாள், தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பு வழங்கியது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில், பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று அது கூறியது. அறத்தின் குரல் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் உரைத்தது. நடைபாதை நடப்பதற்கு உரியது என்னும் வாதத்தை நாமும் தள்ளிவிட இயலாது. பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் வண்டிகளுக்கிடையே இறங்கி நடப்பது நன்றன்று. எனவே மழைக்காலம் கழியும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, எவரையும் அகற்றலாகாது என்று மட்டும் நீதிமன்றம் தடுத்தது.

தீர்ப்பில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி வேறொன்று உண்டு. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்று, குடிசைக்கு எண்ணும் இடப்பெற்றவர்களுக்கு மாற்றிடம் தந்தே தீர வேண்டும் என்றது நீதிமன்றம். காமராஜ் நகர்க் குடிசைகளுக்கோ அத்தகைய எண் இடப்பெறவில்லை. சாலையை மறித்து நின்ற அக்குடியிருப்பை நீதிமன்றம் காக்கவில்லை. ஒரு தகரக் கதவின்மேல் எழுதப்படும் எண்ணுக்கு எத்துணை ஆற்றல் என்பதை எண்ணிப் பாருங்கள்! எண் பெற்றவன் குடி, பெறாதவன் குப்பை.

இவ்வுண்மையை முன்கூட்டியே உணர்ந்தவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் அவர்கள் ஜனதா காலனியில் வாழ்ந்தார். அக்குடியிருப்பு முழுவதும் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அகற்றப்பட்டது. மக்கள் சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். இன்றும் அங்கே தமிழோசை கேட்கலாம். அந்த அனுபவத்துக்குப் பின், அற்புதம் அவர்கள் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை வளர்த்தார். 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மசிறீ விருதும் பெற்றார், 2018-இல் மறைந்தார். இடிக்க வருமுன் எண்ணி முடித்துவிடு என்பதே அவருடைய வழி. அரசினர் கணக்கெடுக்க மறுத்தால் மக்களே தங்களைக் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும்.

1984-இல் தோன்றிய ‘ஸ்பார்க்’ என்னும் அமைப்பு அவ்வழியே நடந்தது. 1985-இல் பைகுல்லாப் பகுதி நடைபாதைகளில் ஏறத்தாழ 6,000 குடும்பங்களை அது எண்ணியது. அவர்கள் சோம்பித் திரிபவர் அல்லர், உழைத்துண்பவர். பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி, வேலைக்கு நடந்தே செல்லும் தொலைவில் குடியிருந்தவர். அந்நடைபாதைப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்று ஒன்றுகூடி, நாள்தோறும் காசு சேர்த்தனர். வீடு எப்படி அமைய வேண்டும் என்று தாமே திட்டம் வகுத்தனர். 1995-இல் மகாராட்டிர அரசு குடிசை மறுவாழ்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, நடைபாதைவாசிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. பத்தாண்டு விடாமுயற்சியின் பயன் அது.

இருப்புப்பாதை ஓரத்துக் கதை இதனினும் தெளிவானது. இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் ஆதலால், தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளால் விளையும் இடரை நான் நன்கறிவேன். மோதுண்டு மாள்வோர் ஒருபுறம். அவ்விடங்களில் மெல்ல ஊர்ந்தே செல்ல வேண்டிய வண்டிகள் மறுபுறம். மும்பையில் புதுப்பாதைகள் போடும் திட்டம் வந்தபோது, இக்குடும்பங்களை அகற்ற வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குடிசைகள் திடீரென இடிக்கப்பட்டன. மக்கள் திரண்டெழவே இடிப்பு நின்றது. அதன்பின் குடும்பம் குடும்பமாக எண்ணி, பெயரெழுதி, இடம் ஒதுக்கி, 60,000-க்கும் மேற்பட்டோர் மாற்றிடங்களுக்குச் சென்றனர். அவர்களே தம் குடிசைகளைப் பிரித்துக்கொடுத்தனர் என்பது வியத்தற்குரியது. வன்முறையால் ஆகாதது ஒரு பெயர்ப் பட்டியலால் ஆயிற்று.

எனினும், வீடு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. மாற்றிடங்களுள் பல மான்கூர்டு, கோவண்டிப் பகுதிகளில் அமைந்தன. வேலைக்குப் போகும் தொலைவு பெருகிற்று. ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் வெயிலும் காற்றும் நுழைவது அரிது. லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு ஆகிய குடியிருப்புகளில் காசநோய் மிகுந்திருப்பதற்கு இந்நெருக்கமே காரணம் என்று ஆய்ந்தோர் கூறியுள்ளனர். கூரை தந்து காற்றைப் பறிப்பது என்ன நீதி?

குடும்பமின்றித் தனியே வந்து வெட்டவெளியில் படுப்போர் நிலை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் வீடற்றோர் 17.7 இலட்சம், அவர்களுள் நகரங்களில் இருந்தோர் 9.38 இலட்சம். தில்லிக் குளிரில் நேர்ந்த சாவுகளைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2010-இல் தலையிட்டது. ஒவ்வோர் இலட்சம் மக்களுக்கும் ஓர் இரவுத் தங்கல் இல்லம் வேண்டும் என்பது அதன்பின் நாடெங்கும் அளவுகோலாயிற்று. அவ்வளவின்படி, 2011-இல் 1 கோடியே 24 இலட்சம் மக்கள் வாழ்ந்த மும்பைக்கு 124 இல்லங்கள் தேவை. அத்தொகைக்கு அருகேயும் அந்நகரம் வந்திலது.

இவற்றையெல்லாம் நம் சங்க இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மும்பையில் மறுவாழ்வு இல்லம் இலவசமாகப் பெறுவதற்கு, 2000 சனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். சான்று என்பது தாள்தானே? வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு முத்திரை, மின்கட்டண இரசீது. எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளிக்கு, மராட்டியிலோ இந்தியிலோ அச்சிட்ட படிவம் இருட்டறை. நமக்கு அது வெளிச்சம்.

ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும், திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இட்டு உட்காரலாம். குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். பழைய இரசீதுகளையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் மழையில் நனையாமல் உறையிட்டு வைக்கச் சொல்லலாம். கணக்கெடுப்பாளர் வரும் நாளில் ஒருவரேனும் குடிலில் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தலாம். மொழி தெரியாதவர்க்கு அருகிலிருந்து எடுத்துரைக்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டாம்; பேனாவும் பொறுமையும் போதும்.

பொங்கல் விழாவுக்கும் இசையரங்குக்கும் நாம் கூடுகிறோம், அது நன்று. அவ்விழா மண்டபத்துக்கு நாம் நடந்து செல்லும் வழியில் படுத்திருப்பவனும் நம்மவனாக இருக்கக்கூடும். அவன் பெயரை ஒரு தாளில் ஏற்றிவிடுவோமாயின், அடுத்த மழைக்காலத்தில் அவனை எவரும் எளிதில் பேருந்தில் ஏற்றிவிட முடியாது.