பாறை விளிம்பில் ஒரு நாள்!

ஸிட்னியில் இருக்கும் மகள் வீட்டுக்கோ, தங்கை வீட்டுக்கோ போகிறீர்களா? முதல் சனி, ஞாயிறிலேயே 'ப்ளூ மவுண்டன்ஸ்' மலைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். கடூம்பாவில் 'மூன்று சகோதரிகள்' பாறையைக் கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். "அட, அவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது.

கடூம்பாவுக்குச் சற்று முன்னால் வென்ட்வொர்த் ஃபால்ஸ் என்று ஒரு ஊர். ஸிட்னியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே 187 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. அந்தச் செங்குத்துப் பாறையின் நடுவயிற்றில், சுவரில் அடித்த அலமாரிப் பலகை மாதிரி ஓடுகிறது 'நேஷனல் பாஸ்' என்ற நடைபாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. கீழே கண்ணுக்கெட்டிய வரை தைல மரக் காடு. நம் ஊட்டியில் நிற்கிற தைல மரத்துக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியாதான்!

மலையில் விளிம்பு எப்படி வந்தது? மேலும் கீழும் கெட்டியான மணற்பாறை. நடுவில் மிருதுவான களிப்பாறை. மழையும் காற்றும் மிருதுவானதை அரித்து எடுத்துவிட, இயற்கையாகவே ஒரு திண்ணை அமைந்துவிட்டது. 1906 முதல் 1908 வரை தொழிலாளிகள் பாறையைக் குடைந்து படி வெட்டி, அதைப் பாதையாக்கினார்கள்.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்கிறீர்களா? 1911-ல் பிறந்த டாட் பட்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி, வெறுங்காலோடு பாறை ஏறியே பெயர் வாங்கியவர்! ஆனால் அது அவருக்கு. நமக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் ஆகாது. செருப்பு வேண்டாம், புடைவையும் வேண்டாம். சல்வார், பேன்ட்தான் சௌகரியம்.

புறப்படுமுன்

சுற்றி வர ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் படி, படி, படி! அரை நாள் பிடிக்கும். இறங்கும்போது முழங்கால், ஏறும்போது மூச்சு. மூட்டு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மேலேயே உள்ள காட்சி மேடைகளிலிருந்து அருவியைப் பார்த்தால் போதும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தொப்பி, ஒரு ஸ்வெட்டர், நீளமான க்ரேப் பேண்டேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் அங்கே சொல்லித் தரும் முதலுதவி இதுதான்: கடித்த இடத்தைக் கழுவாமல், கீறாமல், கை அல்லது கால் முழுவதும் பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, ஆளை அசையவிடாமல் 000-க்குப் போன் செய்ய வேண்டும்.

பள்ளத்தாக்கில் போன் பல இடங்களில் எடுக்காது. அதனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

விளிம்பில் நடக்கும்போது

குழந்தை எப்போதும் பாறைப் பக்கம். பெரியவர் பள்ளத்தின் பக்கம். பாதை குறுகினால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் குழந்தைகள். போட்டோ எடுக்கப் பின்னால் நகரவே கூடாது. விளிம்புப் பாறை மேலிருந்து பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும், அடியில் குடைந்துபோயிருக்கலாம். தலை சுற்றினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்து, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். தோளில் தூக்க வேண்டிய வயதுக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுப் போவதே நல்லது.

'போதும், திரும்பலாம்!'

2022 ஏப்ரலில், பலத்த மழைக்காலத்தில், இதே அருவிப் பகுதியின் வேறொரு பாதையில் பாறை சரிந்தது. குடும்பத்தோடு நடந்து வந்த ஒரு தகப்பனாரும் அவருடைய சின்ன மகனும் இறந்து போனார்கள். அவர்கள் விளிம்பில் விளையாடவில்லை; பாதையில்தான் நடந்தார்கள். நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், மலைக்கென்று ஒரு குணம் உண்டு. நனைந்த மலை நம்பத் தகுந்ததல்ல.

ஆகவே மழை பெய்த கையோடு போகாதீர்கள். இந்தப் பாதைகளை அவ்வப்போது மூடுவதும் திறப்பதும் உண்டு; எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காக்காரர்களிடம் முதல் நாளே விசாரியுங்கள். 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் தாண்டவே கூடாது. குளிர்காலமான ஜூன், ஜூலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இத்தனை மணிக்குள் பாதி தூரம் வராவிட்டால் திரும்புவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் போகலாம்மா!" என்று பிள்ளைகள் கெஞ்சும். வீட்டுக்காரர்கூட அவர்களோடு சேர்ந்துகொள்வார். அப்போது, "போதும், திரும்பலாம்" என்று சொல்ல ஒருத்திக்குத் துணிச்சல் வேண்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்தே களைப்பையும் காய்ச்சலையும் கண்டுபிடிக்கிற உங்களைவிட, அதைச் சொல்லத் தகுந்தவர் யார்?