விலைப்பட்டியலுக்கு அப்பால்

விளம்பரத்தில் காணும் விலை சொகுசுக் காரின் அடிப்படை விலை மட்டுமே. கூரைக் கண்ணாடி, உயர்ரக ஒலிபெருக்கி, தோல் இருக்கை ஆகியன பெரும்பாலும் தனி. தமிழ்நாட்டில் 2023 முதல் 20 இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவிகிதம். ஆகவே, தொழிற்சாலையிலேயே பொருத்தி விலையில் சேர்க்கப்படும் 1 இலட்ச ரூபாய் உறுப்பு, வரியோடு 1,20,000 ஆகிறது, காப்பீடு வேறு. விற்கும்போதோ ஒலிபெருக்கிக்கெனத் தனியே பணம் தருவார் அரிது.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. இவ்வகைக் கார்கள் சிலவற்றில் மாற்றுச் சக்கரமே கிடையாது! காற்றிறங்கினாலும் மெதுவாக ஏறத்தாழ 80 கி.மீ. ஓடக்கூடிய டயர் இருக்கிறதாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலை செல்வோர், கூரைக் கண்ணாடிக்கு முன் ஸ்டெப்னியைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நலம். பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அந்த டயரும் ஓடாது.